மூன்றரை ஸ்பூன் மூலக்கூறு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், சரியாக அப்போதுதான் எங்கள் அபார்ட்மெண்டுக்குத் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் நோட்டில் ‘லாரி 10.40’ என்று இருக்கிறது. பிறகு ஒரு நாள் நானே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். (ரயில் கவிழ்ந்தால் விசாரணைக்கு வருகிறவர்கள் இப்படித்தான் செய்வார்களாம்.) அதே நிமிடத்தில் இரண்டாவது மாடியில் நான் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தராசில் வைத்தது பற்றி அந்த நோட்டில் ஒரு வரியும் இல்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பொய் இல்லை, சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் படிப்பை முடித்த கையோடு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அதற்கப்புறம் இருபத்து நான்கு வருடமாக நான் கையாண்ட ஒரே ரசாயனம் ஸ்டாம்ப் பேடு மை. படித்ததெல்லாம் ஆவியாகிவிட்டது, மிடுக்கு மட்டும் வண்டலாகத் தங்கிவிட்டது. பால் திரிந்தால் ‘புரோட்டீன் பிரிஞ்சிடுச்சு’ என்பேன். பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படிந்தால் விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்து ‘கால்சியம்’ என்று தீர்ப்புச் சொல்வேன். சேலையூர்ப் பக்கம் எல்லா வீட்டுக் குழாயிலும் அதுதான் படிகிறது, அதைச் சொல்ல ஒரு பட்டம் வேண்டியதில்லை. ஆனாலும் அபார்ட்மெண்டில் எனக்குப் பெயர் ‘கெமிஸ்ட்ரி அக்கா’. நான் ஒரு நாளும் மறுத்ததில்லை.

என் மகள் கயல் ப்ளஸ் ஒன் சேர்ந்து எழுதிய முதல் கெமிஸ்ட்ரி டெஸ்டில் ஐம்பதுக்குப் பத்தொன்பது வாங்கினாள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் பட்டேன். அவளுக்கு வேலை கிடைக்காதது, கல்யாணம் ஆகாதது, ரிட்டயர்மெண்டுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்திருப்பது வரை எல்லாம் வரிசையாகக் கண்ணில் தெரிந்தன.

“பக்கத்துல நல்ல ட்யூஷன் ஏதாவது இருக்கான்னு பாப்போமே” என்றார் என் கணவர்.

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. (இன்றுவரை அதைத் தன் வாழ்க்கையின் பெரிய தவறாகக் குறிப்பிடுகிறார்.)

விஷயம் பரவியது. தரைத்தளத்து மேரியின் மகள் ஸ்டெஃபி, மேல்மாடி ஏகாம்பரத்தின் மகன் தினேஷ், இரண்டு பேரும் கயலுடன் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜையில் மூவரும் நோட்டுடன் வந்து உட்கார்ந்தார்கள். காலாண்டுத் தேர்வுக்கு இன்னும் எட்டு நாள்.

“ஆன்ட்டி, மாலிக்யுலர் மாஸ், மோலார் மாஸ்... ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று ஸ்டெஃபி கேட்டாள்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில், தண்ணீரின் மூலக்கூறு நிறை 18 u. புரட்டினால் அடுத்த பக்கத்தில், தண்ணீரின் மோலார் நிறை ஒரு மோலுக்கு 18 கிராம். அங்கேயும் பதினெட்டு, இங்கேயும் பதினெட்டு. எனக்குள்ளிருந்த இன்சூரன்ஸ் ஊழியர் விழித்துக்கொண்டார். இரண்டு படிவத்தில் ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான்.

“வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்” என்றேன்.

“அம்மா, யூனிட் வேறயா இருக்கு பாரு. இங்க u, அங்க கிராம்” என்றாள் கயல்.

“u-ன்னாலும் கிராம்தாண்டி. வெளிநாட்டுல அப்படி எழுதுவாங்க.”

(இதை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.)

“மிஸ் வேற மாதிரி சொன்னாங்கம்மா...”

“பி.எஸ்ஸி. யாரு, நீயா நானா?”

“அப்போ எதுக்கு ஆன்ட்டி ரெண்டு பேரு வெச்சாங்க?” என்றான் தினேஷ்.

“புஸ்தகம் குண்டாகணுமில்ல?”

தினேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. ஆபீஸில் நான் பேசி இதுவரை யாரும் சிரித்ததில்லை. மேடை ஏறிவிட்டேன், இனி இறங்க முடியாது. சமையலறைக்குப் போய், டயட்டுக்காக வாங்கி இரண்டே முறை பயன்படுத்திய எலக்ட்ரானிக் தராசை எடுத்து வந்தேன். டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினேன். கீழே லாரி ஹாரன் அடித்தது. ஸ்பூனால் தண்ணீர் விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு அரை. தராசு பதினெட்டு காட்டியது.

“பாத்துக்கோங்க. இதுதான் ஒரே ஒரு தண்ணி மூலக்கூறு.”

மூன்று தலைகளும் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தன.

“ரொம்பச் சின்னதா இருக்கும்னு நெனச்சேன் ஆன்ட்டி” என்றாள் ஸ்டெஃபி.

“எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க” என்றேன், இரக்கத்துடன்.

அதோடு விட்டிருக்கலாம். “படம் போட்டு எழுதுங்க, மிஸ் மார்க்கை அள்ளிக் குடுப்பாங்க” என்றும் சொன்னேன். குழந்தைகள் தராசையும் டம்ளரையும் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். பாகங்களைக் குறித்தார்கள். நல்ல குழந்தைகள், எதையும் விடவில்லை.

தேர்வு முடிந்து வந்த கயல், “அந்தக் கேள்வி வந்துச்சும்மா. நீ சொன்னதையே எழுதிட்டேன்” என்றாள். அன்று கேசரி கிண்டினேன்.

பத்து நாள் கழித்து ஆபீஸுக்கு போன் வந்தது. “கயல்விழி மதரா? நாளைக்குப் பதினோரு மணிக்கு பிரின்சிபாலைப் பாக்கணும். பரீட்சையில காப்பி அடிச்ச விஷயம்.”

வீட்டுக்கு வந்து கேட்டேன். “நான் காப்பி அடிக்கலம்மா” என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவில்லை. ஸ்டெஃபியும் தினேஷும் அவரவர் வீட்டில் அப்படியே வாய் திறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் பிரின்சிபால் அறையில் எனக்கு முன்னால் மேரி வந்து உட்கார்ந்திருந்தாள். மேரி நர்ஸ். டூட்டி முடித்து நேராக வந்தவள் கண்கள் சிவந்திருந்தன. “டாக்டராக்கணும்னு ஓடிக்கிட்டிருக்கேன் அக்கா, காப்பி கேஸுன்னு கூப்பிடறாங்க” என்றாள். ஏகாம்பரம் இன்னும் வரவில்லை. மேடவாக்கம் கூட்டுரோட்டில் மாட்டிக்கொண்டதாகப் போன் செய்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் மூன்று பிள்ளைகளும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரின்சிபால் மேஜையில் மூன்று கடிதங்கள் டைப் ஆகித் தயாராக இருந்தன. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் கெமிஸ்ட்ரி பேப்பர் முழுவதற்கும் பூஜ்யம். கடிதம் ஃபைலில் ஏறிவிடும். பள்ளியை விட்டுப் போகும்வரை கூடவே வரும்.

“மூணு பேரும் வேற வேற ஹால்” என்று ஆரம்பித்தார் பிரின்சிபால். “மூணு பேப்பர்லயும் ஒரே விடை. ஒரே வரி. ஒரே படம். கேட்டா மூணும் ‘நானே யோசிச்சு எழுதினேன்’னு சாதிக்குது. இதை யாரும் தானா யோசிச்சு எழுத முடியாது மேடம்.”

விடைத்தாள்களை வரிசையாக வைத்தார். தராசு. டம்ளர். ‘ஒரு நீர் மூலக்கூறின் நிறை 18 கிராம். இது மூன்றரை ஸ்பூன் கொள்ளும்.’

“இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு” என்று குரலைத் தாழ்த்தினார். “படத்துல டம்ளர் மேல ஒரு பேர் பாருங்க. பெ. சடகோபன், பழவந்தாங்கல். மூணுலயும் இருக்கு. யார் இந்த சடகோபன்? கொஸ்டின் பேப்பர் இவர் கைக்கு எப்படிப் போச்சு? பழவந்தாங்கல்ல இந்தப் பேர்ல ட்யூஷன் சென்டர் இருக்கான்னு ரெண்டு நாளா ஆள் விட்டுத் தேடறோம்.”

நாற்காலி நுனிக்கு வந்தேன்.

“சார்... அவர் என் மாமனாரோட தம்பி.”

பிரின்சிபால் விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“எங்க கல்யாணத்துக்கு ஆறு டம்ளர் வெச்சுக் குடுத்தார் சார். பேர் வெட்டிக் குடுத்தார்.”

ஓரமாக நின்ற கெமிஸ்ட்ரி டீச்சர் பிரபா மிஸ், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். முப்பது வயதுகூட இருக்காது.

“நான்தான் சார் மூணு பேருக்கும் சொல்லிக் குடுத்தேன். அதனாலதான் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க” என்றேன். தைரியம் வந்துவிட்டது. “அதோட, சரியான விடை எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே சார் இருக்கும்? இதுல என்ன தப்பு?”

“சரியான விடையா?” பிரின்சிபால் கயலின் அட்மிஷன் பாரத்தை எடுத்தார், தாய் படிப்பு என்ற இடத்தில் விரல் வைத்தார், என்னைப் பார்த்தார். முகம் கனிந்துவிட்டது. “மேடம், புள்ளைங்களைக் காப்பாத்தப் பழியை நீங்க ஏத்துக்கறீங்க. புரியுது, நானும் ஒரு அப்பன்தான். ஆனா கெமிஸ்ட்ரி படிச்ச யாரும் இப்படிச் சொல்லிக் குடுத்திருக்க முடியாது.”

வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் எனக்கு விஷயம் தெரியும் என்று நிரூபிக்கப் பாடுபட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபிக்க வேண்டிவந்தது அன்று மட்டும்தான்.

“சார், அக்கா பொய் சொல்ல மாட்டாங்க சார்” என்று மேரி குறுக்கே வந்தாள். “நெஜமாவே தெரியாது போல.” (என் நடத்தைக்கு இதுவரை கிடைத்ததிலேயே சிறந்த சான்றிதழ்.)

“சின்னதா ரெண்டு கேள்வி கேக்கட்டுமா சார்?” என்றார் பிரபா மிஸ். பிரின்சிபால் தலையசைத்தார். “மேடம், ஒரு கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறு எவ்வளவு எடை?”

“நாப்பத்து நாலு கிராம்.” பட்டென்று சொன்னேன்.

“ஒரு டம்ளர் தண்ணியில எத்தனை மூலக்கூறு இருக்கும்?”

“டம்ளர் இருநூறு மில்லியா? அப்போ பதினொண்ணு. அதுக்கும் ஒரு சொட்டு மேல.”

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“சரி, ஒரே ஒரு ஸ்பூன்ல?”

“கால் மூலக்கூறு... கொஞ்சம் கூட.”

“மூலக்கூறுன்னா என்ன மேடம்? தண்ணியாவே இருக்கிற ஆகச் சின்னத் துணுக்கு. அதைக் கால்வாசியா உடைச்சா அது எப்படித் தண்ணியா இருக்கும்?”

எங்கேயோ மண்டைக்குள், இருபத்து நான்கு வருடத் தூசுக்கு அடியில், ஒரு கரும்பலகை லேசாகத் தெரிந்தது. அதில் ஆறுக்கு அடுத்து ஏராளமான பூஜ்யங்கள் போட்டிருந்தது. கண் நிறைந்துவிட்டது.

“இப்போ உங்க கண்ணுல வருதே மேடம், அது எத்தனை மூலக்கூறு?”

அவர் கிண்டல் செய்யவில்லை. நல்ல டீச்சர்கள் இப்படித்தான், கிடைத்ததை வைத்துப் பாடம் எடுத்துவிடுவார்கள். என் கணக்குப்படி நான் முழுசாக ஒரு மூலக்கூறு அழுவதற்கே ஒரு வாரம் ஆகும்.

பிறகு அவர் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார். “ஒரு ஆளோட எடை அறுபது கிலோன்னு வெச்சுக்குங்க. அப்படி ஆயிரம் பேரோட எடை அறுபது டன். ரெண்டு இடத்துலயும் அறுபதுதான். அதுக்காக உங்க எடை அறுபது டன்னு சொல்வீங்களா? மாலிக்யுலர் மாஸ்ங்கிறது ஒரு மூலக்கூறோட எடை. அதைக் கிராம்ல சொன்னா புள்ளிக்கப்புறம் இருபத்திரண்டு பூஜ்யம் போடணும், அதனால u-ன்னு ஒரு குட்டி அலகு வெச்சிருக்காங்க. மோலார் மாஸ்ங்கிறது ஒரு பெரிய கும்பலோட எடை. அவகாட்ரோ எண்ணுன்னு படிச்சிருப்பீங்களே, ஆறுக்கப்புறம் இருபத்து மூணு சைபர், கிட்டத்தட்ட அத்தனை மூலக்கூறு. அது கிராம்ல. எண் ஒத்துவர்ற மாதிரிதான் கும்பலோட சைஸையே வெச்சிருக்காங்க. நீங்க தராசுல வெச்சது ஒரு மூலக்கூறு இல்ல மேடம், ஒரு மோல்.”

புரிந்துவிட்டது. மூன்று வருடம் கல்லூரியில் புரியாதது மூன்று நிமிடத்தில், காப்பி கேஸ் விசாரணையில் புரிந்தது. (அறுபது கிலோவெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய கதை என்பதை மட்டும் சொல்லவில்லை.)

“புள்ளைங்க ஏன் மிஸ் என் பேரைச் சொல்லல?”

“கயலைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘சொன்னா அவங்க அசிங்கப்படுவாங்க மிஸ்’னு மட்டும் சொன்னா. யாருன்னு சொல்லவே இல்ல.” கயலின் விடைத்தாளை என் பக்கம் திருப்பினார். “இதையும் பாருங்க.”

அடித்திருந்த ஒரு வரி. ‘மூலக்கூறு நிறை 18 u. மோலார் நிறை ஒரு மோலுக்கு 18 கிராம். இரண்டும் வேறு.’ கயல் முதலில் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். வகுப்பில் கவனித்திருக்கிறாள். பிறகு, அம்மா பி.எஸ்ஸி. என்று நினைத்து, ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே டம்ளர் வரைந்திருக்கிறாள்.

அந்தக் கோட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை.

“சார், கடிதத்தை என் பேர்ல குடுங்க” என்றேன்.

பிரின்சிபாலுக்கு இப்போது நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் தர்மசங்கடமும் வந்துவிட்டது. “மூணு பேப்பர் ஒரே மாதிரி இருந்தா காப்பிங்கிறதுதான் மேடம் ரூல். கமிட்டிக்கு நான் என்னன்னு எழுதறது? ‘தாய்க்குப் பாடம் தெரியாது’ன்னா எழுத முடியும்?”

“அப்படியே எழுதுங்க சார். கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கேள்விக்கு மட்டும் மூவருக்கும் மதிப்பெண் இல்லை, மற்றதற்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் தாகம் எடுத்தால் யாரும் தண்ணீர் கேட்பதில்லை. “ரெண்டு மூலக்கூறு கொண்டு வா” என்கிறார் என் கணவர். விருந்தாளிகள் முன்னாலும். ஸ்டெஃபி என்னை லிஃப்ட் வாசலில் பார்த்தால் “ஆன்ட்டி, இன்னிக்கு எத்தனை டன்?” என்கிறாள். நான் யாருக்காவது பாடம் சொல்லித் தருவதென்றால் முதலில் கயலிடம் ஒப்பித்துப் பாஸாக வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். இதுவரை இரண்டு முறை ஃபெயில்.

ஆனால் அந்தக் கடிதங்கள் கிழிந்தது என் கண்ணீராலோ கெஞ்சலாலோ இல்லை. அன்று பன்னிரண்டே காலுக்குப் பிரின்சிபால் அறைக் கதவு திறந்தது. கையில் ஹெல்மெட்டும் சட்டையில் சிமெண்ட் தூசியுமாக ஏகாம்பரம் வந்தார். எங்கள் அபார்ட்மெண்ட் நிற்கும் இடத்தில் அவர் அப்பா நெல் போட்டிருக்கிறார். இவர் இப்போது மணல், செங்கல், சிமெண்ட் வியாபாரம். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, டம்ளர், சடகோபன், u, மோல், என் தப்பு, முழுக்க என் தப்பு. அவர் உட்காராமலே கேட்டார். மூன்று விடைத்தாள்களையும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் ஓட்டிப் பார்த்தார். தினேஷின் தாளை மட்டும் இன்னொரு முறை பார்த்தார். அப்புறம் பிரின்சிபாலிடம் திரும்பினார்.

“இன்னா சார் இது? எம்புள்ள பதினோரு வருசமா உங்க இஸ்கூல்ல படிச்சிகினு கீறான். ஒரு வாட்டியாவது நீங்க சொல்லிக் குடுத்தத அப்டியே எழுதிக்கீறானா? இந்தக்கா ஒரே ஒரு ஞாயித்துக்கெழம சொல்லிக் குடுத்துச்சு, ஒரு எழுத்து வுடாம எழுதிகினு வந்துக்கீறான். அந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டுட்டு, கரெக்டான பாடத்த இவங்களுக்குச் சொல்லி அனுப்புங்க சார். மீதிய அக்கா பாத்துக்கும்.”